முன்பள்ளிப் பிள்ளைகளின் பிண்ணாக்கு உருண்டையை நிறுத்திய அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்தில் சிறுவர் போசாக்குக்கும் உணவுப் பாதுகாப்புக்கும் பொறுப்பாக இருக்கும் அலுவலர்களுக்கு,

எங்கள் ஊர் முன்பள்ளியில் காலையில் கொடுத்துவந்த எள்ளுப் பிண்ணாக்கு உருண்டையை நிறுத்தச் சொல்லி நீங்கள் அனுப்பிய கடிதத்தை எனக்கும் காட்டினார்கள். அரைப் பக்கம்கூட இல்லை. மாட்டுக்குப் போடுகிற சாமானைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தகாது, உடனே நிறுத்துங்கள், அவ்வளவுதான் அதன் சாரம். ஒருவரும் வந்து பார்க்கவில்லை, ஒரு உருண்டையைக்கூடப் பரிசோதனைக்கு எடுத்துப் போகவில்லை, இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு தாயிடமும் கேட்கவில்லை. அடுத்த கிழமை உருண்டைக்குப் பதிலாகக் கிறீம் பிஸ்கற் பெட்டிகள் வந்து இறங்கின. அதைப் பார்த்த பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதினால் கோப்புக்குள் போய்விடும் என்பதால் எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன்.

நான் வலிகாமத்தில் செக்கு வைத்திருக்கிறவள். அப்பா காலத்தில் மாடு சுற்றியது, இப்போது மோட்டார். நல்லெண்ணெய் விற்பதுதான் பிழைப்பு, பிண்ணாக்கில் வருவது கைச்செலவுக்கு. தன் சரக்கை விற்கத்தான் இவள் கத்துகிறாள் என்று பிறகு யாரும் சொல்ல வேண்டாம் என்பதற்காக ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முன்பள்ளிக்குக் கொடுத்த பிண்ணாக்குக்கு மாட்டுக்காரர் தருகிற விலையைத்தான் வாங்கினேன், அதைச் சுத்தம் செய்கிற கூலியைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு நட்டம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு விளங்காத இடம் இதுதான். மாட்டுக்குப் போகிற பிண்ணாக்கும் பிள்ளைக்குப் போகிற பிண்ணாக்கும் ஒரே செக்கிலிருந்து வருவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள். செக்கடியில் ஒரு காலை நின்று பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

மாட்டுக்கென்றால் எள்ளைச் சுளகில் புடைத்து, மண்ணையும் கல்லையும் எடுத்துவிட்டு, தோலோடு அப்படியே ஆட்டுவோம். வருகிற பிண்ணாக்கைச் சீமெந்து நிலத்தில் கொட்டி, யூரியா வந்த பையில் அள்ளிக் கட்டி, கொட்டில் மூலையில் அடுக்கிவிடுவோம், வாங்குகிறவர் வரும்வரை அது அங்கேயே கிடக்கும். கார்த்திகை மழைக்குப் பையின் அடிப்பக்கம் வேர்த்து, கட்டிபட்டு, சில வேளை பச்சையாகப் பூஞ்சணமும் பிடித்துவிடும். அதை யாரும் தன் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள். உண்மையில் மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பதும் இதே பிள்ளைகள்தான். (அதைப் பற்றி இன்றுவரை எனக்கு எந்த அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்ததில்லை.)

பிள்ளைகளுக்கு ஆட்டுகிற அன்று வேலை வேறு. முதல் நாளே எள்ளைக் கழுவி ஊறவைத்து, ஈரத்தோடு சாக்கில் போட்டுத் தேய்ப்போம். தோல் முழுக்கப் போகாது, பெரும்பகுதி போகும், மிதக்கிற தோலை நீரோடு ஊற்றிவிட்டு, பாயில் பரப்பிக் கடக்கடவென்று காயும்வரை வெயிலில் விடுவோம். செக்கைத் துடைத்து, முதல் ஆட்டில் வருவதை மாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, அடுத்ததைத்தான் எவர்சில்வர் தட்டில் ஏந்துவோம். இளஞ்சூட்டோடு, மண்ணிறத் தகடுகளாக, பொரித்த எள்ளின் மணத்தோடு வரும். அன்றைக்கே தாய்மார் வந்து எடுத்துக்கொண்டு போய் உரலில் இடித்து, அரித்து, வறுத்த பயற்றம்மாவும் பனங்கட்டியும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். மூன்றாம் நாளுக்கு மிஞ்சி எதையும் வைப்பதில்லை, மிஞ்சவும் மிஞ்சாது.

எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அது போனபின் மிஞ்சுவதில் புரதம் நூற்றுக்கு முப்பத்தைந்து அளவில் நிற்கும், மெசினில் பிழிந்தால் இன்னும் கூடும், செக்கில் கொஞ்சம் எண்ணெயும் தங்கும், அதுவும் பிள்ளைக்கு நல்லதுதான். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் மெதியோனின் எள்ளில் நிறைய உண்டு, லைசின் குறைவு. பயற்றிலும் உழுந்திலும் இது நேர்மாறு. அதனால்தான் இரண்டையும் சேர்த்தோம். இது எங்கள் தாய்மார் புத்தகத்தில் படித்துச் செய்ததல்ல, இந்த ஊரில் சாமத்தியப்பட்ட பெண்பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து வளர்த்த கை அது. என்ன, எண்ணெய் பிள்ளைக்குப் போனது, புரதம் இருந்த மற்றது தொழுவத்துக்குப் போனது.

பிழிந்ததில் மிஞ்சியதைச் சாப்பிடுவது அவமானம் என்கிற எண்ணம் உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது. பிழையாக இருந்தால் திருத்துங்கள். ஆனால் அப்படியொரு எண்ணம் இருந்தால் முதலில் உங்கள் குசினியைத் திறந்து பாருங்கள். சோயா மீற் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் உண்டா? சைவக்காரரின் கலியாணப் பந்தியில்கூட அது கறியாக வருகிறது. அது என்னவென்று நினைக்கிறீர்கள்? சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கை மாவாக்கி, வெப்பத்தில் அழுத்திப் பிதுக்கி எடுத்தது. அந்த எண்ணெயையும் பெரும்பாலும் பெற்றோலிய வழி வந்த ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்துத்தான் எடுக்கிறார்கள், பிறகு ஆவியாக்கி நீக்குகிறார்கள், சரி, அது அனுமதிக்கப்பட்ட முறைதான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் செக்கில் அதுகூட இல்லை, எள்ளும் உலக்கையும்தான். ஆனால் பொலித்தீன் பையில் படம் அச்சடித்து வந்தால் அது உணவு, செக்கடியிலிருந்து பனையோலைப் பெட்டியில் வந்தால் அது தீவனம்.

மாமைற் இன்னொன்று. பியர் செய்தபின் தொட்டியில் மிஞ்சும் ஈஸ்ற்றைக் காய்ச்சி வற்றவைத்ததுதான் அந்தக் கறுப்புக் களி. 1934-35இல் இலங்கையை மலேரியா வாட்டியபோது வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்தினர் ஊட்டம் இல்லாமல் நொந்துகிடந்த சனங்களுக்குக் கொடுத்தது அதைத்தான். அதற்குச் சில வருடம் முன்பு பம்பாயில் லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியர் ஆலைத் தொழிலாளர் பெண்களின் கர்ப்பகால இரத்தச்சோகையை அதே மாமைற்றைக் கொடுத்து மாற்றினார், போலிக் அமிலத்தைக் கண்டுபிடிக்க வழி திறந்தது அங்கேதான். இன்றைக்குக் கிளினிக்கில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நீங்கள் கொடுக்கிற குளிசைக்குப் பின்னால் ஒரு பியர்த் தொட்டியின் மிச்சம் இருக்கிறது.

தவிட்டின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் கால் விழுந்து கிடப்பதையும் தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் எழும்பி நடப்பதையும் 1890களில் கண்டார், அதற்கு 1929இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். பெரிபெரி நோய்க்கு மருந்து அரிசி ஆலையின் கழிவுக் குவியலுக்குள் கிடந்தது. எங்கள் ஆக்கள் நெல்லைப் புழுக்கிக் குத்தியதால் அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே இறங்கியது, அதனால் தப்பினோம்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. மோர் என்பது வெண்ணெய் எடுத்ததில் மிஞ்சுவது. சோறு வடித்த கஞ்சியில் உப்பும் வெங்காயமும் போட்டுக் குடிக்காத தோட்டக்காரர் இல்லை. பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்துப் பினாட்டுப் போட்டபின் மிஞ்சும் கொட்டையைத் தூக்கி எறியாமல் பாத்தி போட்டோம், கிழங்கு வந்தது, கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான். கூழுக்குப் போடுகிற ஒடியல் மா முழுக்க, இன்னொரு வேலையில் மிஞ்சியதிலிருந்து வந்தது. அந்த ஒடியல் மாவிலும் கைப்பும் கேடும் உண்டு, ஊறவைத்து நீரை மாற்றி வடித்துத்தான் புட்டு அவிக்கிறோம். மரவள்ளியில் சயனைட் உண்டு, அதையும் சாப்பிடுகிறோம். நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து இந்த மண்ணில் யாரும் சமைக்கவில்லை, எப்படிக் கையாண்டால் நஞ்சு போகும் என்று பார்த்துத்தான் சமைத்தார்கள்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன், அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்ளாடொக்சின் உண்மையான பயம். பூஞ்சணத்தின் நஞ்சு, ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் அவித்தாலும் முழுக்கப் போகாது. கச்சான் பிண்ணாக்கிலும் சரியாகக் காயாத கொப்பறாவிலிருந்து வரும் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் அது கூட. அதனால்தான் அந்த இரண்டையும் நாங்கள் தொடவே இல்லை. எள்ளிலும் வரலாம், காயவைப்பதும் அன்றைக்கே முடிப்பதும் அதற்காகத்தான். ஆனால் இந்தப் பயம் எங்கள் உருண்டைக்கு மட்டும் உரியதா? தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அரசு கொடுக்கிற சத்துமாவான திரிபோஷாவுக்குப் போகும் சோளத்துக்கும் இதே பிரச்சினைதான், 2022இல் தகுந்த சோளம் கிடைக்காமல் அந்த உற்பத்தி தடைப்பட்டு, தாய்மார் கிளினிக்கிலிருந்து வெறுங்கையோடு வந்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது யாரும் சோளம் மாட்டுத்தீவனம், இனிச் சோளமே வேண்டாம் என்று எழுதவில்லை. நல்ல சோளம் தேடினார்கள், பரிசோதித்தார்கள். அதே நிதானத்தை எங்களுக்கும் காட்டியிருக்கலாம்.

எள்ளுத் தோலில் ஒக்சலேற் உண்டு, கல்சியத்தைப் பிடித்துவைக்கும். அதற்குத்தான் தோல் நீக்குகிறோம். எள்ளு சிலருக்கு ஒவ்வாது, கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும் பிள்ளைகள் உண்டு, அமெரிக்காவில் 2023 முதல் பொதிகளில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றே சட்டம். தொடங்க முன் ஒவ்வொரு தாயிடமும் இதைக் கேட்டுத்தான் தொடங்கினோம், புதுப் பிள்ளை சேர்ந்தால் திரும்பவும் கேட்டோம். இதையும் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், நீங்கள் கேட்டிருந்தால்.

தவிட்டில் நான் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். உருண்டையில் வறுத்த தவிடு கொஞ்சம் சேர்க்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். பச்சையரிசித் தவிடு ஆலையை விட்டு வந்த சில மணித்தியாலத்திலேயே சிக்குப் பிடிக்கத் தொடங்கும், அதிலுள்ள நொதியம் எண்ணெயை உடைத்துவிடும். புழுங்கல் அரிசித் தவிட்டில் அந்த நொதியம் அவிந்துபோவதால் அது தாக்குப்பிடிக்கும். ஆனால் நெல்லிலுள்ள ஆசனிக் என்ற நஞ்சு தவிட்டில்தான் கூடச் சேர்கிறது, பைற்றிக் அமிலமும் உண்டு, இரும்புச்சத்தைச் சேரவிடாது. அதோடு எங்கள் ஊர்களில் இன்னும் ஓடும் பழைய இரும்பு உருளை மில்லில் உமியும் குறுணலும் தவிடும் ஒன்றாகக் கலந்துதான் விழுகின்றன, அது மனிதர் சாப்பிடுகிற சாமானே இல்லை. றபர் உருளையில் உமியைத் தனியாக எடுத்த பிறகு தீட்டுகிற மில்லில் வரும் தவிடு வேறு, பெரியவர்களுக்கு, நீரிழிவுக்காரருக்கு, ரொட்டியில் சேர்க்க நல்லது. நான்கு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். பிண்ணாக்கை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

ஏனென்றால் பதிலுக்கு என்ன வந்தது என்று பார்த்தேன். பெட்டியின் பின்பக்கத்தை வாசித்தேன்: கோதுமை மா, சீனி, தாவர எண்ணெய், பிறகு நிறமும் வாசனையும். பிள்ளைகளுக்கு விருப்பம்தான், யார் இல்லை என்றது. நடுவிலுள்ள கிறீமை நக்கிவிட்டு மிச்சத்தை முற்றத்துக் கோழிக்குப் போடுகிறார்கள். 2016 குடித்தொகை சுகாதார ஆய்வில் இந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் உயரத்துக்கு ஏற்ற நிறை இல்லாதவர்கள் என்று வந்தது. அது விலைவாசி ஏற முன்னைய கணக்கு. அதற்குப் பிறகு இந்தத் தாய்மார் முட்டையை எண்ணி வாங்குகிறார்கள், பால்மா பெட்டியைக் கடையில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். இப்படியான வீட்டுப் பிள்ளைக்குக் காலையில் கிடைத்த ஒரு பிடி புரதத்தைத்தான் நிறுத்தினீர்கள்.

உருண்டை கொடுத்த மாதங்களில் நிறை கூடியது என்று நான் சொல்ல வரவில்லை. முன்பள்ளி ஆசிரியை நிறைப் புத்தகம் வைத்திருக்கிறா, அதில் சில பிள்ளைகளின் கோடு மேலே போயிருக்கிறது, சில அப்படியே நிற்கிறது, அதற்கு உருண்டைதான் காரணமா என்று பார்ப்பது படித்தவர்களாகிய உங்கள் வேலை. நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: பத்து மணிக்கு மேசையில் தலைவைத்துப் படுக்கிற பிள்ளைகள் குறைந்தார்கள், உருண்டை இருக்கிறது என்பதற்காகவே சில பிள்ளைகள் அழாமல் வந்தார்கள், வயிற்றோட்டம் என்று ஒரு தாயும் வரவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு மாட்டுச் சாப்பாடு தின்றவர்கள் என்று பெரிய பள்ளிக்கூடத்துப் பெடியள் இந்தப் பிள்ளைகளை நையாண்டி பண்ணுகிறார்கள், அதையும் உங்கள் கோப்பில் எழுதி வையுங்கள். இடித்துக் கை காய்த்த தாய்மார் ஊருக்குள் தலைகுனிந்து நடக்கிறார்கள்.

இது எங்கள் ஒரு முன்பள்ளியோடு முடிகிற விஷயமும் இல்லை. சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கம் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை வாளி வாளியாகக் கொட்டப்படுகிறது, தேங்காய் விற்கிற விலைக்கு அதைப் பார்க்கவே வயிறு எரிகிறது. அன்றைக்கே காயவைத்து மாவாக்கினால் நார்ச்சத்துள்ள நல்ல மா. யாராவது ஒரு பெண்கள் சங்கம் அதைச் செய்ய வெளிக்கிட்டால் என்ன நடக்கும்? எங்களுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டபின் யார் வெளிக்கிடுவார்கள்? அரைப் பக்கக் கடிதம் ஒன்று எத்தனை கொட்டில்களைப் பூட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கேட்கிறேன், பணிவாகத்தான் கேட்கிறேன், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும்.

முதலில் அந்தக் கடிதத்தை நிறுத்தி வையுங்கள். முழுக்க மீளப் பெறச் சொல்லவில்லை, பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள், அதுவரை நாங்களும் உருண்டை கொடுக்காமல் இருக்கிறோம். நாங்கள் ஆட்டுகிற நாளில், முன்கூட்டிச் சொல்லாமலே, ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அனுப்புங்கள். எள்ளுச் சாக்கிலிருந்து உருண்டைவரை ஒவ்வொரு கட்டத்திலும் அவரே தன் கையால் மாதிரி எடுக்கட்டும், ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அப்ளாடொக்சினும் கிருமியும் ஈரப்பதனும் பார்க்கட்டும். அந்தச் செலவை எங்களிடம் கேட்காதீர்கள், ஒரு மாதிரிக்குக் கொழும்பில் வாங்குகிற கட்டணம் எங்களுக்குத் தாங்காது, பிஸ்கற்றுக்கு ஒதுக்கிய காசில் ஒரு சிறு துண்டு அதற்குப் போதும்.

இரண்டாவது, மனிதர் சாப்பிடும் பிண்ணாக்குக்கு எழுத்தில் ஒரு நடைமுறை வேண்டும். எள்ளு எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், தோல் எவ்வளவு போக வேண்டும், செக்கை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும், எத்தனை மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், எதில் வைக்க வேண்டும், பொதியில் என்ன எழுத வேண்டும். தமிழில், ஒரு செக்குக்காரி சுவரில் ஒட்டிவைத்து வாசிக்கிற மாதிரி இரண்டு பக்கம் போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது, உணவு விஞ்ஞானம் படித்தவர்கள் அங்கே உண்டு, அவர்களையும் செக்குக்காரரையும் தாய்மாரையும் ஒரே மேசையில் இருத்தி எழுதுங்கள். தவிட்டுக்கும் தேங்காய்ச் சக்கைக்கும் அதே மேசையில் முடிவு எடுக்கலாம், தவிடு சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் என்று எழுதினால் முதல் கையொப்பம் நான் வைக்கிறேன்.

மூன்றாவது, அந்த நடைமுறைக்கு நிற்கிற செக்கைப் பதிவு செய்து, முன்பள்ளிக் காலை உணவுக்குக் கொள்வனவு செய்யும் பட்டியலில் பிஸ்கற்றுக்குப் பக்கத்திலாவது உருண்டைக்கும் ஒரு வரி போடுங்கள். நிற்காத செக்கைத் தள்ளுங்கள், என்னுடையதாக இருந்தாலும்.

நான்காவது கேள்வி பிஸ்கற்றைப் பற்றியது. அதை எந்தப் போசாக்குக் கணக்கில் தெரிவு செய்தீர்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அதில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சீனி, என்ன விலை? எங்கள் உருண்டைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள், பதில் சொல்கிறோம்.

கடைசியாக, உங்களில் ஒருவர் முன்பள்ளிக்கு வந்து தாய்மாரோடு கதையுங்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது பிழையான வேலை இல்லை, விதி இல்லாததால் நிறுத்தினோம் என்று ஊர் கேட்கச் சொன்னால் போதும்.

காலபோக நெல் வெட்டியதும் எள்ளு விதைப்பார்கள், வைகாசிக்குள் புது எள்ளு செக்கடிக்கு வந்துவிடும். அதற்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். கடிதத்தை முன்பள்ளி முகவரிக்கே அனுப்புங்கள், ஆசிரியை அதைப் பெற்றோர் கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவா.

இப்படிக்கு,
வலிகாமத்துச் செக்குக்காரி